வேலூரில் சமுதாய நலச் செவிலியம் படிப்பது எப்படி: வராதவர்களைத் தேடிப் போகும் படிப்புக்கு ஒரு முழு வழிகாட்டி

வார்டில் வேலை பார்க்கும் செவிலியருக்கு நோயாளி யார் என்பதில் குழப்பம் இல்லை. கட்டிலில் படுத்திருப்பவர்தான். சமுதாய நலச் செவிலியருக்கு அப்படி ஒரு கட்டில் கிடையாது. அவர் பொறுப்பில் இருப்பது நாலைந்து ஊர், ஆயிரம் வீடு, ஐயாயிரம் பேர். அதில் பெரும்பாலானவர்கள் தங்களுக்கு எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர்கள். கேம்ப் போட்டால் வருகிறவர்கள் வருவார்கள். வராதவர் யார், ஏன் வரவில்லை என்று கேட்கத் தெரிந்துகொள்வதுதான் இந்தப் படிப்பின் சாரம்.

பி.எஸ்சி. நர்சிங் படிக்கும் பிள்ளைகளில் நிறையப் பேர் இதை ‘ரெக்கார்ட் எழுதும் பாடம்’ என்று நினைத்து, ஐ.சி.யூ. போஸ்டிங் எப்போது வரும் என்று காத்திருக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. செவிலியர் தானாக யோசித்து, தானாக முடிவெடுத்து, ஓர் ஊரின் நலத்தை மாற்றக்கூடிய இடம் இதுதான். பிளஸ் டூ முடித்துவிட்டு யோசிப்பவர்களுக்கும், ஐந்தாம் செமஸ்டரில் முதல் களப்பணிக்குப் பையைத் தூக்கப் போகிறவர்களுக்கும், எம்.எஸ்சி.க்கு எந்தப் பிரிவை எடுப்பது என்று தயங்குபவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

எந்த வாசல் வழியாக நுழைவது

நேர்வழி பி.எஸ்சி. நர்சிங், 4 ஆண்டு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியலோடு ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி அறிவியல் பாடங்களில் குறைந்தது 45 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 40. சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு மருத்துவக் கல்வித் தேர்வுக்குழு விண்ணப்பம் வாங்கி, பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் கலந்தாய்வு நடத்துகிறது. வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) தனியாக நுழைவுத்தேர்வு வைக்கிறது. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். அதனால் அந்தந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டை நீங்களே படியுங்கள். ஏஜெண்ட் சொல்வதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். சேரும் கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சில் ஏற்பும், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பும் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, அந்தக் கல்லூரிக்குச் சொந்தமாகக் களம் இருக்கிறதா என்பது. இதைக் கேட்காமலேயே நிறையப் பேர் சேர்ந்துவிடுகிறார்கள். மாணவிகளைக் கூட்டிப்போக ஒரு கிராமமாவது, அங்கே ஆண்டுக்கணக்காகப் பழக்கம் உள்ள ஓர் ஆசிரியையாவது இருக்கிறாரா? போஸ்டிங்குக்கு எந்த ஆரம்ப சுகாதார நிலையம், எத்தனை வாரம், போகவர வண்டி உண்டா? சேர்க்கை அலுவலகத்தில் கேட்பதைவிட, அங்கே படிக்கும் மூன்றாம் ஆண்டு அக்காவிடம் கேட்டால் சரியான பதில் கிடைக்கும்.

மற்ற வழிகளும் உண்டு. ஜி.என்.எம். (பொதுச் செவிலியமும் மகப்பேறும்) டிப்ளமோ 3 ஆண்டு, அதற்குப் பிறகு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. 2 ஆண்டு. ஏ.என்.எம். (துணைச் செவிலியர், மகப்பேறு உதவி) 2 ஆண்டு, கிராம சுகாதார செவிலியர் பணிக்கு அடிப்படை அதுதான். முதுகலையில் சமுதாய நலச் செவிலியம் என்று தனிப்பிரிவு இருக்கிறது. 2 ஆண்டுப் படிப்பு, சேருவதற்கு முன்னால் ஓராண்டு பணி அனுபவம் வேண்டும். அந்த ஓராண்டை வார்டில் கழித்தாலும் பரவாயில்லை. ஆனால் டிஸ்சார்ஜ் ஆன நோயாளி அதே நோயோடு திரும்பி வரும்போதெல்லாம், அவர் எந்த ஊர், வீட்டில் என்ன நிலைமை என்று விசாரிக்கும் பழக்கத்தை அப்போதே தொடங்கிவிடுங்கள்.

2021இல் வந்த புதிய பாடத்திட்டம் எட்டு செமஸ்டராகப் பிரிந்திருக்கிறது. சமுதாய நலச் செவிலியம் முதல் பகுதி ஐந்தாம் செமஸ்டரில், தொற்றுநோயியலும் சுற்றுச்சூழலும் சேர்ந்து வரும். இரண்டாம் பகுதி ஏழாம் செமஸ்டரில், அதோடு ஆய்வும் புள்ளியியலும். ஐந்தாம் செமஸ்டர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதல் மூன்று செமஸ்டரில் படிக்கும் சமூகவியல், ஊட்டச்சத்து, நுண்ணுயிரியல் மூன்றும் இந்தப் பாடத்தின் அஸ்திவாரம். மார்க்குக்காக மட்டும் படித்துவிட்டு மறந்தால், களத்தில் போய் நிற்கும்போது கேட்கக் கேள்வி இருக்காது.

வேலூரில் படிப்பதில் என்ன இருக்கிறது

சி.எம்.சி.யை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு வேலூரில் தொடங்கியதும், 1909இல் செவிலியர் பயிற்சி வந்ததும், 1946இல் இந்தியாவின் முதல் நர்சிங் பட்டப்படிப்புகளில் ஒன்று இங்கே தொடங்கியதும் எல்லாரும் சொல்வதுதான். நமக்கு முக்கியமானது வேறு ஒன்று. குடியாத்தம் போகும் சாலையில் வண்டியை மரத்தடி மரத்தடியாக நிறுத்தி அவர் வைத்தியம் பார்த்தார். நோயாளி வரட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை.

அதன் தொடர்ச்சியைப் பாகாயத்தில் பார்க்கலாம். சி.எம்.சி.யின் சமுதாய நலத்துறை நடத்தும் ‘சாட்’ திட்டம், கணியம்பாடி ஒன்றியத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைப் பல பத்தாண்டுகளாக வீடு வீடாகத் தொடர்ந்து வருகிறது. கர்ப்பம், பிறப்பு, இறப்பு எல்லாம் பதிவாகிறது. நர்சிங் கல்லூரிக்கென்று ‘காஞ்ச்’ என்ற தனிச் சமுதாய நலத் திட்டம் இருக்கிறது. கே.வி.குப்பத்தில் 1977இல் தொடங்கிய ‘ருசா’, மருத்துவத்தோடு தொழில், கல்வி, முதியோர் நலம் என்று கைவைத்தது. நகரத்து ஏழைகளுக்குக் குறைந்த செலவில் பார்க்கும் பிரிவு 1982 முதல் நடக்கிறது. கரிகிரியில் தொழுநோய்க்கான ஆய்வு மையம் 1955 முதல் இருக்கிறது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது 1986இல் முதன்முதலாகத் தெரிந்ததும், சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகள் வேலூருக்கு வந்து பரிசோதிக்கப்பட்டபோதுதான்.

நீங்கள் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் சரி, இந்த இடங்களுக்கு ஒருநாள் பார்வைப் பயணமாவது கேட்டு வாங்குங்கள். ஒரு மாவட்டத்துக்குள் இத்தனை மாதிரிகள் இருப்பது அபூர்வம்.

முதல் படி: எண்களோடு பழகுவது

புள்ளியியல் என்றாலே பயப்படும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பின்னத்தின் கீழே இருக்கும் எண்ணைப் பாருங்கள். மேலே இருப்பது வந்தவர்கள். கீழே இருப்பது வந்திருக்க வேண்டியவர்கள்.

உதாரணமாக ஒரு துணை சுகாதார நிலையப் பதிவேட்டில் 120 குழந்தைகள் இருக்கிறார்கள், அத்தனை பேருக்கும் தடுப்பூசி முடிந்திருக்கிறது என்று வையுங்கள். நூற்றுக்கு நூறு என்று தோன்றும். ஆனால் வீடு வீடாக எண்ணினால் 140 குழந்தைகள் வருகிறார்கள். இப்போது கணக்கு 86 சதவீதம். அந்த 20 பேர் யார் என்று தேடினால் செங்கல் சூளைக்கு வந்து தங்கிய குடும்பங்கள், ஏரிக்கரையில் இருக்கும் இருளர் வீடுகள், கணவர் வேறு ஊரில் வேலை பார்ப்பதால் அங்கும் இங்குமாக இருக்கும் தாய்மார்கள். தட்டம்மை வந்தால் முதலில் எங்கே வரும் என்பதை அந்த 20 பேர்தான் சொல்வார்கள்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலும் இதில் உண்டு. தலைப்பிரசவம் தாய் வீட்டில். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பெண் அம்மா வீட்டுக்கு வந்துவிடுகிறாள். குழந்தைக்கு மூன்று, ஐந்து மாதம் ஆனதும் திரும்பிப் போகிறாள். இந்த ஊர்ச் செவிலியர் ‘அவள் போய்விட்டாள்’ என்று எழுதுவார். அந்த ஊர்ச் செவிலியருக்கு அவள் வந்ததே தெரியாது. 10ஆம் வாரத் தடுப்பூசிக்கும் 14ஆம் வாரத் தடுப்பூசிக்கும் நடுவில் ஒரு குழந்தை காணாமல் போவது இப்படித்தான். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி எண் (அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்) கொடுப்பதன் பயன் இங்கே புரியும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு இரண்டு செவிலியர்கள் போனில் பேசினால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

அடுத்து, சிறிய எண்களின் குணம். 2020 கணக்குப்படி தமிழ்நாட்டின் பிறப்பு விகிதம் ஆயிரம் பேருக்கு 13.8, சிசு மரண விகிதம் ஆயிரம் பிறப்புக்கு 13. இதை ஐயாயிரம் பேர் உள்ள ஒரு துணை நிலையத்துக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 70 பிறப்பு, சராசரியாக ஒரு சிசு மரணம். அதாவது உங்கள் பகுதியில் இந்த ஆண்டு ஒரு குழந்தைகூட இறக்கவில்லை என்பதாலேயே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. இரண்டு இறந்துவிட்டால் இரட்டிப்பாகிவிட்டது என்றும் அர்த்தமில்லை. தாய் மரணத்தில் இது இன்னும் கூர்மை. 2018-20 கணக்கில் இந்தியாவுக்கு லட்சம் பிறப்புக்கு 97, தமிழ்நாட்டுக்கு 54. லட்சம் பேர் உள்ள ஓர் ஒன்றியத்தில் ஆண்டுக்கு 1,400 பிறப்பு என்றால், ஒரே ஒரு தாய் இறந்தால் விகிதம் 71 ஆகும், இரண்டு என்றால் 143. அதனால்தான் ஒன்றிய அளவில் விகிதத்தைவிட ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனியாக விசாரிப்பது முக்கியம். எத்தனை மணிக்கு வலி எடுத்தது, யார் வண்டி பிடித்தார்கள், முதலில் போன இடத்தில் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று கேட்டு எழுதுகிறோம்.

கேம்ப் நடத்துவதற்கு முன் போட்டுப் பார்க்க வேண்டிய ஒரு கணக்கு. 1,000 பேரில் உண்மையில் 100 பேருக்கு நீரிழிவு இருக்கிறது என்று கற்பனை செய்யுங்கள். உங்கள் பரிசோதனை, நோய் உள்ளவர்களில் 80 சதவீதத்தைப் பிடிக்கும். இல்லாதவர்களில் 90 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடும். பிடிபடுபவர்கள் 80 பேர். நோய் இல்லாமலே பிடிபடுபவர்களும் 90 பேர். ஆக, ‘சர்க்கரை இருக்கிறது’ என்று நீங்கள் சொன்ன 170 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோயே இல்லை. உறுதிப்படுத்தும் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யாமல் கேம்ப் போடுவது ஏன் தவறு என்பது இந்த ஒரு கணக்கில் விளங்கிவிடும். நோட்டில் நீங்களே எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

இரண்டாம் படி: ஊரை வரைவது

போஸ்டிங்கின் முதல் வேலை வரைபடம். சார்ட்டில் கோயில், பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி, அங்கன்வாடி எல்லாம் கலர் பென்சிலில் அழகாக வந்துவிடும். ஆனால் பல வரைபடங்கள் ஊர்த் தெருவோடு முடிந்துவிடுகின்றன. ஏரிக்கு அந்தப்பக்கம் காலனி இருக்கும், அதற்கும் அப்பால் நாலைந்து குடிசை, நிலத்துக்கு நடுவே பம்புசெட்டோடு தங்கியிருக்கும் ஒரு குடும்பம். வரைபடத்தில் விட்டுப்போன வீடு கணக்கெடுப்பிலும் விட்டுப்போகும், அப்புறம் திட்டத்திலும் விட்டுப்போகும். அதனால் ஊருக்கு வெளியே இருந்து உள்ளே நோக்கி வரையுங்கள். கடைசி வீட்டில் தொடங்குங்கள்.

வரையும்போதே சில தூரங்களைக் குறியுங்கள். குழாயிலிருந்து கடைசி வீடு எவ்வளவு தூரம், பேருந்து நிறுத்தம் எங்கே, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, துணை நிலையத்துக்கு நடந்தே போக முடியுமா. தொட்டித் தண்ணீரில் குளோரின் பாருங்கள்: போட்டு ஒரு மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும். தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் பார்த்துவிட்டு வந்துவிடாமல் கடைசிக் குழாயில் பாருங்கள். டெங்கு காலம் என்றால் 100 வீடு பார்த்து, எத்தனை வீட்டில் கொசுப்புழு இருக்கிறது, எத்தனை பாத்திரத்தில் இருக்கிறது என்று தனித்தனியாக எழுதுங்கள். இரண்டும் வேறு வேறு குறியீடு, வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தவறாமல் கேட்பார்கள். தண்ணீர் நாலு நாளுக்கு ஒருமுறை வரும் தெருவில் டிரம்மில் பிடித்து வைக்காதே என்று சொல்வது பயனில்லை. மூடி வைக்க என்ன வழி என்று அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.

ஊரில் முதலில் பார்க்க வேண்டியவர்கள் கிராம சுகாதார செவிலியரும் (வி.எச்.என்.) அங்கன்வாடி அம்மாவும். வி.எச்.என். அக்காவுக்கு எந்த வீட்டில் கேட்டைத் தட்டினால் நாய் வரும் என்பது வரை தெரியும். அவர் பதிவேட்டைப் பிழை கண்டுபிடிக்கப் புரட்டாதீர்கள். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒருவர், மலையில் மூவாயிரம் பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. அவர் சுமக்கும் வேலை அந்தக் கணக்கைவிடப் பெரியது.

மூன்றாம் படி: வீட்டு வாசலில்

என்னைப் பொறுத்தவரை இந்தப் படிப்பின் உயிர் வீட்டுச் சந்திப்புதான். நேரம் பார்ப்பதில் தொடங்குகிறது அது. காலை பத்து மணிக்குப் போனால் வீட்டில் பாட்டி மட்டும் இருப்பார். நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் மதியத்துக்கு மேல்தான் வருவார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனி வேன் விடியற்காலையிலேயே பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் நாளெல்லாம் வீட்டில் இருப்பார்கள், ஆனால் கைக்கு ஓய்வு இருக்காது. அவர்கள் சுற்றிக்கொண்டே பேசட்டும். நீங்களும் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். எல்லாச் சந்திப்பும் பகல் பத்து மணிக்கே என்றால், வேலைக்குப் போகும் பெண்கள் ஒருவர்கூட உங்கள் குடும்பப் பதிவு ஃபோல்டரில் இருக்க மாட்டார்கள்.

அடுத்தது பேச்சு. கேள்வித்தாளைக் கையில் விரித்துக்கொண்டு ‘மாத வருமானம் எவ்வளவு?’ என்று தொடங்கினால் கதவு மனசுக்குள்ளேயே சாத்திவிடும். இப்படித் தொடங்கிப் பாருங்கள்:

“வணக்கம் பாட்டி. நாங்க நர்சிங் காலேஜ்லருந்து வர்றோம். பத்து நாளு இந்தத் தெருவுக்குத்தான் வருவோம்.”

“இன்னா விசயம்? ஊசி போடவா?”

“இல்ல பாட்டி. வீட்ல யாராரு இருக்கீங்க, தண்ணி எங்க புடிக்கிறீங்க, யாருக்காவது உடம்பு சரியில்லையான்னு கேக்கலாம்னு வந்தோம்.”

“தண்ணியக் கேளு நீ. நாலு நாளா வரல.”

அவர் தண்ணீரைப் பற்றிச் சொல்வதை முழுக்கக் கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள். வருமானம், கடன், கணவரின் குடி எல்லாம் மூன்றாம் சந்திப்பில் தானாக வரும். திண்ணையில் அக்கம்பக்கத்தார் சூழ்ந்திருக்கும்போது காசநோய், குடும்பக் கட்டுப்பாடு, மனநலம் பற்றி வாயே திறக்காதீர்கள். ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்று சொல்லி உள்ளே போய்ப் பேசுங்கள். ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டில் சொல்வது, வேடிக்கைக்காக என்றாலும், அந்தத் தெருவையே உங்களுக்கு மூடிவிடும். ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில் தெலுங்கும், வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுத் தெருக்களில் உருதும் வீட்டு மொழி. சாப்பிட்டீர்களா, வலி எங்கே, மாத்திரை போட்டீர்களா என்று கேட்கும் அளவுக்காவது கற்றுக்கொண்டு போங்கள்.

வீட்டுச் சந்திப்புக்குக் கொண்டுபோகும் செவிலியர் பையைப் பயன்படுத்தும் முறையை கிண்டல் செய்யும் மாணவிகள் உண்டு. பையைத் தரையில் வைக்காமல் செய்தித்தாள் விரித்து அதன்மேல் வைப்பது, முதலில் சோப்பையும் துண்டையும் மட்டும் எடுத்துக் கைகழுவுவது, கழுவிய பிறகே உள்ளறையைத் திறப்பது, பயன்படுத்தியதைச் சுத்தம் செய்தே திரும்ப வைப்பது. காரணம் எளிது: ஒரே நாளில் ஐந்து வீடு போகிறோம், முதல் வீட்டின் கிருமி ஐந்தாம் வீட்டின் பச்சிளம் குழந்தைக்குப் போகக்கூடாது. அதனால் வரிசையும் முக்கியம். முதலில் பிறந்த குழந்தையும் தாயும், அடுத்து கர்ப்பிணி, பிறகு மற்றவர்கள், தொற்று உள்ள வீடு கடைசி.

சில அளவுகளைப் பார்க்காமல் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11க்குக் கீழே என்றால் ரத்தசோகை, 7க்குக் கீழே என்றால் கடுமையானது, உடனே அனுப்ப வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை குறைந்தது 180 நாள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைக்கு மேற்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் கடும் ஊட்டக்குறைவு. வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை முழுதாக ஒரு லிட்டரில் கலக்க வேண்டும், பாதி பாதியாகக் கலக்கக்கூடாது. துத்தநாக மாத்திரை 14 நாள், போக்கு நின்றபிறகும். தடுப்பூசி மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். கலக்கிய பி.சி.ஜி., தட்டம்மை-ரூபெல்லா மருந்துகள் நாலு மணி நேரத்துக்கு மேல் கூடாது.

மாத்திரை கொடுத்தோம் என்பதோடு நிறுத்தாமல், எண்ணிப் பாருங்கள். டப்பாவை வாங்கி மிச்சத்தை எண்ணினால் அவர் எத்தனை நாள் போட்டார் என்று தெரியும். மலம் கறுப்பாகப் போகிறது, குமட்டுகிறது, குழந்தை பெரிதாகிப் பிரசவம் கஷ்டமாகிவிடும் என்று மாமியார் சொன்னார் என்று காரணம் வரும். மாமியாரிடமும் பேச வேண்டும் என்பதை அந்த டப்பா சொல்லிக்கொடுக்கிறது.

நான்காம் படி: ஊருக்கே நோயறிதல்

கணக்கெடுப்பு முடிந்ததும் தொகுப்பு. எத்தனை வீடு, வயது வாரியாக எத்தனை பேர், என்னென்ன குறை என்று அட்டவணை போட்டுவிட்டு, எதை முதலில் எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். எத்தனை பேரைத் தொடுகிறது, எவ்வளவு கடுமை, நம்மால் மாற்ற முடியுமா, ஊர் மக்கள் எதை முதலில் சொல்கிறார்கள் என்று நாலு கேள்வி. கடைசிக் கேள்வியை விட்டுவிட்டு, கல்லூரியில் ஏற்கெனவே இருக்கும் சார்ட்டை வைத்துக் கை கழுவும் முறை நடத்திவிட்டு வந்துவிடும் குழுக்கள் அதிகம். ஊர் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறது, நாம் பல் தேய்ப்பதைப் பற்றிப் பேசுகிறோம் என்றால் அடுத்த குழுவை அந்த ஊர் மதிக்காது.

இலக்கை அளக்கும்படி எழுதுங்கள். ‘விழிப்புணர்வு ஏற்படுத்துவது’ இலக்கு ஆகாது. ‘இந்தத் தெருவில் மருந்தை நிறுத்திவிட்ட ரத்த அழுத்த நோயாளிகள் 12 பேரில் 8 பேராவது நாலு வாரத்துக்குள் மருந்து தொடங்கியிருப்பது’ என்பது இலக்கு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் முதல் வீட்டுக்கே மருந்து கொண்டுபோகிறது. அந்த 12 பேர் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பதே உங்கள் முதல் தலையீடாக இருக்கலாம்.

ஐந்தாம் படி: காரணத்தின் காரணத்தைத் தேடுவது

2023 மே மாதம் அணைக்கட்டு ஒன்றியத்து அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தை பாம்பு கடித்து இறந்தது. வண்டி போகும் பாதை மலைக்குமேல் இல்லை. உடலைத் தாய் கையில் சுமந்துகொண்டு நடந்துதான் போக வேண்டியிருந்தது. இறப்புக் காரணம் என்று படிவத்தில் பாம்புக்கடி என்று எழுதலாம். ஆனால் சமுதாய நலச் செவிலியர் அதற்குப் பின்னால் போக வேண்டும். சாலை, வண்டி, மருந்து இருக்கும் நிலையத்துக்கான தூரம், வெளியே தரையில் தூங்க வேண்டியிருக்கும் வீடு. பாம்புக்கடி பற்றி அந்த மலையில் விழிப்புணர்வுப் பாட்டு பாடுவதோடு நம் பாடம் முடிந்துவிட்டால் அது பாதிப் பாடம்.

பாலாற்றையும் இப்படித்தான் படிக்க வேண்டும். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் உப்பும் குரோமியமும் நிலத்தடி நீரில் கலந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும், தீங்கு உறுதியாகும்வரை காத்திராமல் முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் நாட்டின் சட்டத்தின் பகுதி என்றது. நம் ஊர்த் தண்ணீரிலிருந்து வந்த தீர்ப்பை நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். நர்சிங் வகுப்பிலும் படிக்க வேண்டும். அதே ஆலைகளில்தான் உங்கள் தெருவின் பாதிப் பேருக்கு வேலையும் என்பதைச் சேர்த்தே யோசியுங்கள். தோல் அரிப்போடு வருபவரிடம் ‘என்ன வேலை பார்க்கிறீர்கள், கையுறை கொடுக்கிறார்களா’ என்று கேட்காத செவிலியர், களிம்பு மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவார்.

வரலாற்றையும் இந்தக் கண்ணோடு படியுங்கள். லண்டனில் 1854இல் ஜான் ஸ்னோ காலராச் சாவுகளை வரைபடத்தில் குறித்து ஒரு தண்ணீர்ப் பம்பில் போய் நின்றதும், லில்லியன் வால்ட் 1893இல் நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புக்கே குடிபோய்ச் செவிலியம் பார்த்ததும், 1939இல் சென்னை மாகாணம் பொது சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்ததும் ஒரே இழையில் வரும். ஆண்டுகளை மட்டும் மனப்பாடம் செய்தால் தேர்வு முடிந்ததும் போய்விடும்.

ஆய்வு

ஏழாம் செமஸ்டர் குழு ஆய்வாக இருந்தாலும் எம்.எஸ்சி. ஆய்வேடாக இருந்தாலும், தலைப்பைக் களத்திலிருந்து எடுங்கள். ‘ஒரு தேர்ந்தெடுத்த பள்ளியில் திட்டமிட்ட கற்பித்தலின் விளைவு’ என்று முன்தேர்வு, பின்தேர்வு வைத்து முடியும் ஆய்வுகள் நூலக அலமாரியில் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. பாடம் நடத்தியதும் மார்க் கூடத்தான் செய்யும். அதைவிட, பீடி சுற்றும் பெண்களின் கழுத்துவலி, ஷூ கம்பெனிப் பெண்கள் வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, தாய் வீட்டுக்கு வந்த கர்ப்பிணிகளின் பரிசோதனை இடைவெளி, அக்னி நட்சத்திர வெயிலில் கட்டட வேலை பார்ப்பவர்கள் என்று உங்கள் கண்முன்னே தலைப்புகள் நிற்கின்றன.

மாதிரி எடுக்கும்போது எளிதாகக் கிடைப்பவர்களை எடுக்காதீர்கள். தடுப்பூசி நிலையை அறிய உலக சுகாதார நிறுவனம் பரவலாக்கிய பழைய முறை ஒன்று உண்டு: 30 கொத்து (தேர்ந்தெடுத்த ஊர் அல்லது தெரு), கொத்துக்கு 7 குழந்தை, ஆக 12 முதல் 23 மாத வயதில் 210 பேர். ஊரின் நடுவிலிருந்து திசையைக் குலுக்கல்போல் தேர்ந்து நடக்க வேண்டும். இதைச் சிறிய அளவில் செய்து பழகினாலே மாதிரியெடுப்பு விளங்கிவிடும். கல்லூரி நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்குங்கள், ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டுங்கள். கைநாட்டு வாங்குவது மட்டும் ஒப்புதல் ஆகாது. ஆய்வில் யாருக்காவது கடும் ரத்தசோகை என்று தெரிந்தால், ஆய்வு முடியும்வரை காத்திருக்காமல் அன்றே அனுப்ப வேண்டும்.

தேர்வும் ரெக்கார்டும்

ரெக்கார்டை அன்றன்று எழுதுங்கள். போஸ்டிங் முடிந்து விடுதியில் மொத்தமாக எழுதினால் எல்லாக் குடும்பமும் ஒரே குடும்பமாகிவிடும். வைவாவில் புற ஆய்வாளர் ‘உங்கள் கேஸ் ஸ்டடி குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்பார். உண்மையிலேயே போனவருக்கும் போகாதவருக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். தேசியத் திட்டங்களைப் பொறுத்தவரை, தொடங்கிய ஆண்டு, நோக்கம், செவிலியரின் பங்கு என்ற மூன்றையும் எழுதிவிட்டு, நீங்கள் பார்த்த ஓர் உதாரணத்தைச் சேருங்கள். புதன்கிழமைத் தடுப்பூசி முகாம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியின் 18,000 ரூபாய் எந்தெந்தத் தவணையில் வரும், ஒரு பெண்ணுக்கு ஏன் தாமதமானது என்று நேரில் கேட்டறிந்ததை எழுதும் விடைத்தாள் தனியாகத் தெரியும்.

படித்து முடித்த பிறகு

அரசுப் பக்கம், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகச் செவிலியர் பணி. தேசிய நலவாழ்வுக் குழுமத்தில் இடைநிலை சுகாதாரப் பணியாளர் பணிக்கு மாவட்ட வாரியாக அறிவிப்பு வரும். துணை நிலைய அளவில் செவிலியரே முன்னின்று பார்க்கும் இடம் அது, ஒப்பந்த அடிப்படை என்பதையும் தெரிந்துகொண்டே சேருங்கள். கிராம சுகாதார செவிலியராகத் தொடங்கியவர்கள் பகுதி சுகாதார செவிலியர், சமுதாய சுகாதார செவிலியர் என்று உயரலாம். தொண்டு நிறுவனங்கள், பள்ளி நலம், ஆலைகளின் தொழில்சார் நலம், வலிநிவாரணப் பராமரிப்பு, ஆய்வுத் திட்டங்களில் களச் செவிலியர் என்று வேறு இடங்களும் உண்டு. தொற்றுநோயியலில் மேலே போக ஆசை இருந்தால் பொது சுகாதார முதுகலை இருக்கிறது. சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களின் தகுதி விதிகளைப் பாருங்கள். வெளிநாடு போகிறவர்களில் பிரிட்டனில் பதிவு பெற்றவர்கள், அங்கே சமுதாயப் பொது நலச் செவிலியத்தில் தனித் தகுதி படித்து வீட்டுச் சந்திப்புச் செவிலியராகவோ பள்ளிச் செவிலியராகவோ ஆகலாம்.

எந்த வேலைக்குப் போனாலும் முதல் மாதத்திலேயே ஒரு காரியம் செய்துவிடுங்கள். உங்கள் பொறுப்பில் மொத்தம் எத்தனை பேர் என்று கேளுங்கள். யாரும் சொல்லவில்லை என்றால் நீங்களே எண்ணுங்கள். வருகைப் பதிவேட்டை அந்தப் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். பெயர் இல்லாத வீடுகளை ஒரு தனித்தாளில் எழுதி, அடுத்த திங்கட்கிழமை எந்தத் தெருவில் தொடங்குவது என்று வி.எச்.என். அக்காவிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.